சோத்துக்கைகள் சிறைப்பட்ட ஞாயிறு

வடக்குத்துறையில் பீச்சாங்கைகள் எல்லாம் ஒன்றாக எழுந்துகொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். அந்தோணியார் சிலை வைத்த கெபியில் பாதிக் கூட்டம் முழங்காலில் நின்று நவநாள் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்க, மீதிக் கூட்டம் எப்போது பொரிகடலை கொடுப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்க, டீக்கடை மாஸ்டர் ஆற்றிய டீ மேல் கிளாஸை விட்டுக் கீழ்க் கிளாஸுக்கு இன்னும் வந்து சேராமலிருக்க, கலங்கரை விளக்கத்திலிருந்து உப்பளம் வரை இருந்த அத்தனை பேருடைய இடது கையும் தோள் உயரத்துக்கு மெல்ல எழுந்து, இல்லாத ஒரு கழுத்தைப் பிடித்துக்கொண்டு, இல்லாத தந்திகளை நாலு விரலாலும் அமுக்க ஆரம்பித்தது. ஆறு நிமிஷம். பிறகு கைகள் தாமாக இறங்கிவிட்டன. டீ மட்டும் மண்ணில் கிடந்தது.

"யாரு வேலைட்டி இது?" என்று கெபி வாசலில் கருவாடு விற்கிற கர்மேல் அக்கா கேட்டாளே தவிர, அது எப்படி நடந்தது என்று கேட்கவில்லை. வேறு யாரும் கேட்கவில்லை. யாருடைய வேலை என்பதுதான் ஊருக்கு முக்கியம்.

ஜெனோவாவின் வேலை அது. அவளுக்கு இருபத்தேழு வயது, புருஷன் ரெமி சரக்குக் கப்பலில் இருந்தான், மகள் பெனிட்டா மடத்துப் பள்ளியில் யூகேஜி படித்தாள். அதே பள்ளியில், பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசித்து ஐந்துகோட்டு இசைக்குறி பழகியவள் ஜெனோவா. அந்தப் படிப்பை வைத்து வீட்டிலிருந்தபடியே இசைக்குறி எழுதுகிற மென்பொருளில் பழைய தாள்களைப் படியெடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பாட்டுப் புத்தகம், கல்யாணப் பூசைப் பாட்டு என்று போய்க்கொண்டிருந்த வேலையில், லிஸ்பனில் இருக்கிற ஒரு நூலகம் நாற்பத்திரண்டு தாள் உள்ள ஒரு கையெழுத்து ஏட்டைப் படம் பிடித்து அனுப்பியது. விகுவேலா என்று ஒரு வாத்தியத்துக்கு எழுதியது. கிட்டாருக்குப் பெரியம்மா முறை, தந்தியெல்லாம் இரட்டை இரட்டையாகக் கட்டியிருக்கும்.

அந்த ஏட்டில் ஸ்வரமே கிடையாது. ஆறு கோடு, கோடுகளின் மேல் எண்கள், எண்களின் தலையில் தாளத்துக்குச் சின்னச் சின்னக் கொடிகள். கோடு என்றால் தந்தி. எண் என்றால் வாத்தியத்தின் கழுத்தில் குறுக்கே கட்டியிருக்கிற கட்டுகளில் எத்தனையாவது கட்டில் விரல் வைக்கவேண்டும் என்பது. என்ன சத்தம் வரும் என்று அந்த எழுத்து சொல்லாது, விரலை எங்கே வை என்று மட்டும் சொல்லும். தந்தியைச் சுண்டுகிற கைக்குக்கூட அதில் ஒரு வார்த்தை இல்லை. அமுக்குகிற கைக்கு மட்டும் எழுதிய கடிதம் அது.

மூன்று வாரம் அவள் தப்பாகவே அடித்தாள். மடத்தில் பழகிய கண்ணுக்கு மேல் கோடு என்றால் மேல் ஸ்வரம், அதாவது மெல்லிய தந்தி. அப்படியே ஒவ்வொரு எண்ணாக ஏற்றி வாசிக்கவிட்டால், பரணிலிருந்து பாத்திரம் விழுகிற மாதிரி இருந்தது. இத்தனை வருஷத்துக்கு முன்னால் செத்துப்போனவர்களுக்கு இதுதான் பாட்டு போலிருக்கிறது என்று அவளும் விட்டுவிட்டாள். அந்தச் செவ்வாய்க்கிழமை பெனிட்டா அடுப்படி முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "நானும் அம்மா மாதிரி" என்று கோடு கோடாக விரல் ஓட்டினாள்.

"ஏட்டி, கிட்டாரை அப்படியா பிடிப்பாவ? வலது கையில கழுத்தைப் பிடிச்சிருக்க. மாத்திப் பிடி."

"எனக்கு இப்படித்தாம்மா வருது."

ஜெனோவா மேலிருந்து குனிந்து அந்த முறத்தைப் பார்த்தாள். மடியில் வைத்து வாசிக்கிறவன் குனிந்து பார்த்தால் அவன் முகத்துக்குப் பக்கத்தில் இருப்பது தடித்த தந்தி அல்லவா? மேல் கோடு அதுதான்! மூன்று வாரமாக மொத்தப் பாட்டையும் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. அமைப்புகளுக்குள் போய், மேல் கோடு எந்தத் தந்தி என்கிற இடத்தில் ஒரு தட்டுத் தட்டினாள். பாட்டு நிமிர்ந்து எழுந்து நின்றது. ஊரின் இடது கைகளும் எழுந்து நின்றன.

ஒரு வாரத்தில் வடக்குத்துறை அதற்குப் பழகிவிட்டது. கிரேன் ஓட்டுகிறவரின் வீட்டம்மா மட்டும் நேராக வந்து, "எங்க வீட்ல அவ்வொ அம்பதடி உசரத்துல இருக்காவ, நீ பாட்டுக்குத் தட்டிவிட்டா என்ன ஆகும்? நேரம் சொல்லிட்டுத் தட்டு பிள்ள" என்று கேட்டுக்கொண்டதால், சாயங்காலம் நாலே முக்காலுக்குக் கோயில் மணி மூன்று தட்டு, ஐந்து மணிக்கு விரல் நேரம் என்று ஏற்பாடானது. சவரக்கடையில் அந்த ஆறு நிமிஷம் கத்தியை மடக்கினார்கள். பஸ் கண்டக்டர் உப்பளத்து வளைவிலேயே விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு, "எல்லாரும் வலது கையால பிடிச்சுக்கங்க, வடக்குத்துறை வருது" என்று சத்தம் போட்டார். சண்டை போட்டுக்கொண்டிருந்த புருஷன் பெண்டாட்டிகள் ஒருவர் முழங்கையை ஒருவர் பிடித்து, அதன்மேல் விரல் ஓடவிட்டு, ஆறு நிமிஷத்தில் என்ன சண்டை என்பதை மறந்தார்கள். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்து எட்டு வருஷமாகக் கட்டிலில் கிடந்த தொம்மை அண்ணனுக்கும் அந்த நேரத்தில் மட்டும் அந்தக் கை அசைந்தது. எல்லோரும் அழுதார்கள்; அவர் அழவில்லை. நாலே முக்காலுக்கெல்லாம் பெண்டாட்டியைக் கூப்பிட்டு, "அந்தக் கையத் தூக்கி என் முதுகுக்குக் கீழ வைளா, எட்டு வருசமா எட்டாத எடம் ஒண்ணு இருக்கு" என்றார்.

ஆனால் கைக்குப் பழக்கம் என்று ஒன்று உண்டே. தினமும் எழுந்து வேலை செய்த இடது கைகள் மற்ற நேரத்திலும் சும்மா கிடக்க மாட்டோம் என்றன. கதவைத் திறந்தன, சில்லறை நீட்டின, பூசையில் சிலுவை போட முந்தின. கழுவுவதற்கு மட்டும் என்று பிறந்த நாள் முதல் ஒதுக்கிவைத்த கை, விருந்தாளி மாதிரி நடுவீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. ஊர் அதைச் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டது. விடாத ஆள் மதர் அலேசியா ஒருவர்தான்.

மதர் அலேசியா மடத்துப் பள்ளியின் தலைமையாசிரியை. முப்பது வருஷமாக வடக்குத்துறையின் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். பீச்சாங்கையில் பென்சில் பிடித்த ஒரு பிள்ளையையும் அவர் ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பியதில்லை. மாதா சபைப் பெண்கள் கழுத்தில் போடுகிற நீல ரிப்பனால் அந்த மணிக்கட்டை இடுப்புப் பெல்ட்டோடு சேர்த்துக் கட்டுவார். அடிக்கமாட்டார், திட்டமாட்டார், கட்டுவார். ஐந்து வயதில் ஜெனோவாவைக் கட்டியிருக்கிறார். ஜெனோவாவின் இடது கை அன்றைக்கு மறந்ததை இன்றுவரை நினைத்துப் பார்க்கவில்லை. இப்போது பெனிட்டாவைப் பள்ளி விட்ட பிறகும் ஐந்து தாண்டி எழுதவைத்து அனுப்பினார்; அவள் சாயங்காலம் சாயங்காலம் மணிக்கட்டில் சிவந்த வளையத்தோடு வந்தாள்.

"வலிக்குதாட்டி?"

"இல்ல. அஞ்சு மணிக்கு விரல் எழுந்திருக்கும்போதுதான் ரிப்பன் இழுக்குது."

ஜெனோவா போனில் ரெமியிடம் சொன்னாள். சூயஸ் கால்வாய்க்கு வெளியே வரிசையில் நின்ற கப்பலிலிருந்து, "மதரை எதுத்துப் பேசிராத. ஊர்ல அந்த ஒரு பள்ளிக்கூடம்தான் இருக்கு. சோத்துக்கையில எழுதினா என்ன குறைஞ்சிரும்?" என்றான் அவன். அவளுக்கும் அது சரி என்றுதான் பட்டது. மதரின் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டாலே அவளுக்கு இன்னும் முழங்கால் இளகும். வாய்க்குள் நாக்கு மடித்துவைத்த துணி மாதிரிக் கிடக்கும்.

தவக்காலம் பாதியானபோது மதர் கூப்பிட்டனுப்பினார்.

"ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிஞ்சதும் பள்ளி ஹால்ல கமிட்டிக்கு முன்னால உன் மக வலது கையில தன் பேரை எழுதணும். எழுதினா ஒண்ணாம் வகுப்பு. இல்லன்னா டீசி. அந்தப் பாட்டையும் நிறுத்திரு. ஊரே உன்னாலதான் கெட்டுக் கிடக்கு."

"சின்னப் பிள்ள மதர்..."

"நீயும் சின்னப் பிள்ளையாத்தான் இருந்த. இப்ப உன் கையெழுத்தைப் பாரு, அச்சு மாதிரி இருக்கு. யாரு கொடுத்தது?"

ஜெனோவா வீட்டுக்கு வந்து மகளோடு உட்கார்ந்து மூன்று வாரம் வலது கையில் எழுதிப் பழக்கினாள். பெனிட்டா எழுதிய 'பெ' கரையில் ஒதுங்கிய நண்டு மாதிரி இருந்தது. எழுத எழுத அந்தப் பிள்ளை பேச்சைக் குறைத்தது. மூன்றாவது வாரம், உன் பெயர் என்ன என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டதற்கு வலது கையைப் பார்த்துவிட்டு, "தெரியாது" என்றது. அன்றைக்குத்தான் ஜெனோவாவுக்குப் பயம் இடம் மாறியது. மதரிடம் இருந்த பயம் அங்கேயே இருக்க, அதைவிடப் பெரிய பயம் ஒன்று மகள் பக்கம் வந்து உட்கார்ந்தது. சின்னப் பயம் தன் நாற்காலியை விட்டு எழுந்து அதற்கு இடம் கொடுத்தது.

கடைசித் தாளை ஏற்றிக்கொண்டிருந்தாள் அப்போது. அமைப்புகளைத் திறந்தபோது, இத்தனை நாள் பார்த்தும் பார்க்காத ஒரு சின்னக் கட்டம் கண்ணில் பட்டது. 'வாசிப்பவர் இடது கைக்காரர்.' முறத்தை மாற்றிப் பிடித்த பெனிட்டா நினைவுக்கு வந்தாள். இடது கைக்காரன் வாத்தியத்தைத் திருப்பிப் பிடிப்பான். சுண்டுவது இடது கை, கழுத்தில் மாட்டிக்கொள்வது வலது கை. ஜெனோவா அந்தக் கட்டத்தைத் தட்டவில்லை. கணினியை மூடி, கர்மேல் அக்காவிடம் போனாள்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சா யாரும் வண்டி ஓட்ட வேண்டாம்னு சொல்லணும். அடுப்புல எண்ணெய் வைக்க வேண்டாம். குழந்தையத் தூக்கி வச்சிருக்கவங்க தரையில உட்காந்துக்கணும்."

கர்மேல் அக்கா கருவாட்டைத் தட்டிக்கொண்டே அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "சண்டைக்குப் போறியா?"

"ஆமாக்கா. கால் நடுங்குது."

"நடுங்கட்டும். அதுக்குன்னு நிக்காதா என்ன?"

கர்மேல் அக்காவிடம் சொன்னால் கோயில் மைக்கில் சொன்ன மாதிரி. ஞாயிற்றுக்கிழமை படகெல்லாம் கரையில், கிரேன் ஓய்வில், வண்டியெல்லாம் நிழலில் இருந்தன. ஜெனோவா பிளாஸ்டிக் கூடையில் கணினியை வைத்து மேலே துண்டு போட்டு மூடி, மகளைக் கூட்டிக்கொண்டு ஹாலுக்குப் போனாள். கமிட்டித் தலைவர் கஸ்பார் மோத்தா வெள்ளைச் சட்டையில் நடுவில் இருந்தார், மதர் அவருக்கு வலது பக்கம், பின்னால் ஊர். கரும்பலகைக்கு முன்னால் மதர் பெனிட்டாவின் இடது மணிக்கட்டை நீல ரிப்பனால் பெல்ட்டோடு கட்டினார். சாக்பீஸை வலது கையில் கொடுத்தார்.

பெனிட்டா ஒரு நண்டு வரைந்தாள். பாதியில் நிறுத்திவிட்டு, "இது என் பேரு இல்ல" என்றாள்.

ஹாலில் யாரோ சிரித்தார்கள். மதர் சிரிக்கவில்லை. அச்சடித்த டீசி புத்தகத்தைத் திறந்து பேனாவின் மூடியைக் கழற்றினார். ஜெனோவா அதற்குள் சுவர் ஓரத்துப் பிளக்கில் வயரைச் சொருகி, துண்டை எடுத்து, கட்டத்தைத் தட்டி, ஏட்டின் எல்லாத் தாள்களையும் சேர்த்து, கடைசியில் திரும்பவும் வாசி என்கிற இரட்டைப் புள்ளியைப் போட்டு, வாசிக்கவிட்டாள்.

வலது கைகள் எழுந்தன. கஸ்பார் மோத்தாவின் மோதிரக் கை, பங்குச் சாமியாரின் ஆசீர்வாதக் கை, கர்மேல் அக்காவின் செதில் ஒட்டிய கை, கண்டக்டரின் டிக்கெட் கிழிக்கிற கை, வெளியே வேப்பமரத்தடியில் அடுப்பை மூட்டாமல் புரோட்டா மாவு வீசிக்கொண்டிருந்தவரின் கை என்று, ஊருக்குச் சோறு போட்ட அத்தனை கைகளும் தோள் உயரத்துக்கு எழுந்து, விலங்கு மாட்டின மாதிரி இல்லாத கழுத்துகளில் மாட்டிக்கொண்டன. மதரின் விரல்களிலிருந்து பேனா நழுவி மேசையில் உருண்டு கீழே விழுந்தது.

"ஜெனோவா, நிறுத்து."

ஜெனோவாவின் நாக்கு மடித்துத்தான் கிடந்தது. அவள் அதை ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தாள். "நிறுத்துதேன் மதர். நீங்க கையெழுத்துப் போடுங்க, நிறுத்துதேன். இன்னொரு கை சும்மாதானே இருக்கு?"

மதர் குனிந்து பேனாவை இடது கையால் எடுத்தார். எடுத்து, தாளில் வைத்து, வைத்த இடத்திலேயே இருந்தார். ஹால் முழுக்க அந்தப் பேனா முனையைப் பார்த்தது. அது ஒரு நண்டின் முதல் காலை வரைந்துவிட்டு நின்றது.

"நான் பாத்துக்கிடுதேன்" என்று கஸ்பார் மோத்தா எழுந்து போய்க் கணினியை இடது விரலால் குத்தினார். பாட்டு இரண்டு மடங்கு வேகமானது. "எய்யா, விடும்! விரலு ஒடியுது!" என்று ஊரே கத்தியது. அவர் இன்னொரு குத்துக் குத்தி வேகத்தைத் தணித்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி வந்து உட்கார்ந்தார். "ரெண்டு மணிக்குக் கரண்டு போகும்" என்று மட்டும் சொன்னார்.

அப்போதுதான் எல்லோரும் பெனிட்டாவைப் பார்த்தார்கள். பிள்ளையின் வலது கை பாட்டில் மாட்டியிருந்தது, இடது கை ரிப்பனில் கட்டியிருந்தது. மூக்கின் மேல் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. அதை ஓட்ட அவளிடம் கை இல்லை. ஜெனோவா இதை யோசிக்கவில்லை. பாய்ந்து போய்த் தன் இடது கையால் முடிச்சைப் பிடித்தாள். இருபத்திரண்டு வருஷம் தூங்கிய கைக்கு முடிச்சு பிடிபடவில்லை. ஒரு கையால் அவிழ்கிற முடிச்சும் இல்லை அது. கர்மேல் அக்கா, "நான் ஒரு பக்கம் பிடிக்கேன்" என்று வந்தாள்.

"வேண்டாம் பெரியம்மா" என்றாள் பெனிட்டா. "மதர்தான கட்டினாங்க. மதர்தான் அவுக்கணும்." ஈயை ஊதிவிட்டாள்.

மதர் அசையவில்லை. பூசைக்காக வெறும் வயிற்றோடு வந்த ஊருக்குப் பசித்தது. பத்து மணிக்கு மேல் யாரோ தைரியசாலி வீடுகளில் காலையிலேயே ஆக்கி வைத்திருந்த ஆப்பமும் மீன்குழம்பும் கொண்டுவரச் சொன்னார். வாழையிலைகள் ஹால் நெடுக விரிந்தன. எல்லோரும் இலையைப் பார்த்தார்கள், தங்கள் இடது கையைப் பார்த்தார்கள்.

"கழுவுறதும் இதே கை, திங்கறதும் இதே கையா?" என்று கண்டக்டர் கேட்டார்.

"சோப்பு எதுக்குவே கண்டுபிடிச்சான்?" என்றாள் கர்மேல் அக்கா. ஆப்பத்தைப் பிய்த்துக் குழம்பில் முக்கி முதலில் பெனிட்டாவின் வாயில் வைத்தாள், பிறகு தன் வாயில் வைத்தாள். ஊர் காத்திருந்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் இரண்டாவது ஆப்பத்துக்குக் கை நீட்டியபோது, வடக்குத்துறை பிறந்த நாளிலிருந்து செய்யாததைச் செய்தது. சட்டையெல்லாம் குழம்பு, மீசையெல்லாம் தேங்காய்ப்பால். பெரிய மனிதர்கள் யூகேஜி பிள்ளைகள் மாதிரிச் சாப்பிட்டார்கள். ஊரிலேயே ஒழுங்காகச் சாப்பிட்டது தொம்மை அண்ணனைக் கட்டிலில் விட்டுவிட்டு வந்திருந்த அவர் பெண்டாட்டி. அவள் எட்டு வருஷமாக வலது கையால் அவரைத் தாங்கிக்கொண்டு, இடது கையாலேயே சாப்பிட்டு வந்தவள். அது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

மதர் மட்டும் சாப்பிடவில்லை. பன்னிரண்டு மணிக்குத் திரிகால ஜெபத்துக்கு மணி அடித்தது. முப்பது வருஷமாக அந்த மணிக்குச் சிலுவை போடாமல் இருந்ததில்லை அவர். வலது தோளை அசைத்துப் பார்த்தார். அந்தக் கை முப்பத்தெட்டாவது தாளில் இருந்தது. மணி மூன்று மூன்றாக அடித்துக்கொண்டே போனது. கடைசி மணிக்கு முன்னால் மதர் அலேசியாவின் இடது கை நெற்றிக்குப் போனது, நெஞ்சுக்கு வந்தது, எந்தத் தோள் முதலில் என்று தெரியாமல் நடுவில் நின்று, பிறகு இரண்டு தோளையும் தொட்டது. கூரை இடியவில்லை.

அவர் எழுந்து வந்தார். பெனிட்டாவுக்கு முன்னால் முழங்காலிட்டார்.

"நான் தோத்துட்டேன்னு நினைக்காத ஜெனோவா. முடிச்சை அவுக்கேன். அவ்வளவுதான்."

"அது போதும் மதர். நான் ஒரு முனையப் பிடிக்கேன்."

ஒரு முடிச்சு, இரண்டு இடது கைகள். ஒன்று இழுக்க மற்றது விட, ஒன்று விட மற்றது இழுக்க, நகம் மடங்க, நீல ரிப்பன் இறுகி, இறுகி, பிறகு இளகியது. அவிழ்ந்த கை முதலில் மூக்கைச் சொறிந்தது. பிறகு தரையிலிருந்து சாக்பீஸை எடுத்து, நண்டுக்குப் பக்கத்தில், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு கோணல் இல்லாமல் பெனிட்டா என்று எழுதியது.

ஜெனோவா பாட்டை நிறுத்தினாள். வலது கைகள் இறங்கின. யாரும் உடனே அவற்றை எடுத்து உபயோகிக்கவில்லை. பக்கத்தில் எது இருந்ததோ அதனால் தண்ணீர்ச் செம்பைத் தூக்கினார்கள். டீசி புத்தகத்தை மதர் வலது கையால் மூடினார்.

அடுத்த வாரம் லிஸ்பனுக்குப் படியெடுத்த ஏட்டை அனுப்பினாள் ஜெனோவா. படியெடுத்தவர் பெயருக்கு ஒரு சின்ன இடம் கடைசித் தாளின் அடியில் உண்டு. அதுவரை எந்த வேலையிலும் அவள் அதை நிரப்பியதில்லை. தாளை அச்செடுத்து, பேனாவை இடது கையில் எடுத்தாள்.  கோணல் எழுத்தில், கரையேறுகிற நண்டு மாதிரி, தன் பெயரை அங்கே எழுதி, படம் பிடித்து அனுப்பினாள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று மதர் அலேசியா வாசலில் நின்றார். ஜெனோவாவுக்கு முழங்கால் வழக்கம்போல இளகியது. இளகின காலோடேயே மகளை ஒன்றாம் வகுப்பு வரை கொண்டுபோய் விட்டாள்.

"அஞ்சு நிமிஷம் லேட்டு" என்றார் மதர்.

"ஆமா மதர்" என்றாள் ஜெனோவா, தலையைக் குனியாமல்.